பாதுகாப்புக்கு ஒரு ஆள்

டைட்டானியக் குழாயைச் சுட்டு நிறம் ஏற்றுவதில் குழாய்க்காரனை மிஞ்ச ஆள் கிடையாது என்று கார் பைத்தியங்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய் இல்லை. ஒரே ஒரு பிசகு, குழாய்க்காரனுக்கு ஊதா நிறம் தெரியாது.

தெரியாது என்றால் பார்வை மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் நாலடி தள்ளி நின்றே காட்டிக்கொடுப்பான். ஊதாவையும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் இரண்டும் அவனுக்கு நீலம். பிறவியிலேயே அப்படி. சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பான், கீழே எரிந்தால் போவான். அதற்கு மேல் நிறத்தைப் பற்றி அவன் யாரிடமும் பேச்சுக் கொடுத்ததில்லை. சைலன்சர் குழாயை வளைத்து வெல்டிங் வைக்கிறவனுக்கு நிறம் எதற்கு? பிழைப்பு நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் இந்தச் சனியன் பிடித்த சுட்ட டைட்டானிய மோகம் வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். டைட்டானியத்தைப் பளிச்சென்று துடைத்து, கேஸ் டார்ச்சின் தீயை அதன் மேல் மெதுவாக ஓட்டினால், பெயின்ட் ஒரு சொட்டு இல்லாமல் நிறம் ஏறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பொன், பிறகு ஊதா, பிறகு கருநீலம், கடைசியில் வெளிர்நீலம். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் எல்லாம் போய்ச் சாம்பல் நிறம்தான் மிச்சம். காரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனையில் இந்த வரிசை ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை பேர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறார்கள். ஊதா தலைகாட்டிய அந்த நொடியில் தீயைப் பின்னால் நகர்த்த வேண்டும், வித்தை மொத்தமும் அதில் இருக்கிறது. ஊதா வந்ததே தெரியாதவன் எதைக் கண்டு நகர்த்துவான்?

முதல் குழாய் சாம்பலாயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைச் சுட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுச் சாவி வாங்க அவன் மனைவி பட்டறைக்கு வந்தாள். அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தவள், "போதுங்க, எடுங்க" என்றாள். பதறிப்போய் எடுத்தான். அந்தக் குழாயை வாங்க வந்த ஆள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றதைக் குழாய்க்காரன் பார்த்தான். தன் குழாயில் அப்படி என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் என்னமோ இருக்கிறது என்று புரிந்தது.

உள்ளதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கலாம். சொல்வானா? மீசை முளைக்காத வயதிலிருந்து மூடி வைத்த விஷயம். எட்டு மாதப் பெண்டாட்டியிடம் போய்க் கண்ணில் குறை என்று சொல்லக் கௌரவம் விடவில்லை. யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தான். தீ வேலை நடக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தாக வேண்டும், பாதுகாப்புக்கு, எல்லாப் பெரிய பட்டறையிலும் அதுதான் முறை என்றான். அவள் அவன் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷம், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து அவள் பாதுகாப்புக் கொடுத்தாள். அவள் வாயிலிருந்து வருவது மூன்றே வார்த்தை. 'ம்' என்றால் தீ அங்கேயே இருக்கலாம். 'நகத்துங்க' என்றால் நகர்த்த வேண்டும். 'போதும்' என்றால் போதும். பாதுகாப்புக்கு வந்தவள் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று அவன் கேட்டதில்லை. தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் பல் டாக்டர் வந்து ஏறினார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் கண்காட்சி, அதில் தன் கார் நிற்கப்போகிறது, நாலு முனைக் குழாயும் சுட்ட நிறத்தில் வேண்டும் என்றார். டைட்டானியத்தைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், பொய்ப்பல் வைக்கத் தினமும் யாருடைய தாடையிலாவது அதைத் திருகுவதாகவும் சொன்னார். குழாய்க்காரன் மரியாதைக்குத் தலையாட்டினான். ஆள் சுற்றும்முற்றும் பார்த்தார், வாளி மேல் உட்கார்ந்திருந்தவளைக் கண்டார், இவங்க யார் என்று கேட்டார்.

குழாய்க்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் மனைவி என்று சொல்லியிருந்தால்கூடப் போதும்.

"அவங்க சும்மா சார். பாதுகாப்புக்கு ஒரு ஆள் இருக்கணுமே, அதுக்கு உக்காத்தி வச்சிருக்கேன்."

தன் கிளினிக்கிலும் விளக்குப் பிடிக்க இப்படி ஒரு ஆள் உண்டு என்று டாக்டர் சிரித்தார். குழாய்க்காரனும் சேர்ந்து சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. டாக்டர் போனதும் எழுந்தாள், பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள், சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரை இறக்கிக் கொண்டுவந்து வாளி மேல் உட்கார வைத்தாள். அதன் குழாயைக்கூட அவன் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.

"பாதுகாப்புக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சமையலறைத் தண்ணீர்க் குழாயடைப்பைப் பற்றிப் பேசினாள், மாடிவீட்டுக்காரர் இருமலைப் பற்றிப் பேசினாள், பட்டறையைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு விண்ணப்பத்தாள் கிடந்தது. தரையில் பதிக்கும் டைல்ஸ் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவளை ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சூளையிலிருந்து வரும் டைல்ஸை நிறவாரியாகப் பிரிக்கிற வேலை. ஒரு நாள் சோதித்துப் பார்த்தபோது ஒரே வெள்ளையில் பதினாறு வெள்ளை பிரித்தாளாம், பார்த்தவர்கள் மிரண்டுபோனார்களாம். பட்டறையில் ஆள் இல்லை என்று இத்தனை நாளும் தட்டிக் கழித்தவள், இப்போது வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்தால் திங்கட்கிழமை சேரலாம் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

அவள் போய்விட்டால் நிறம் போச்சு, நிறம் போனால் பேர் போச்சு. போகாதே என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பாளே? உனக்குப் பதில் சிலிண்டர்தான் இருக்கிறதே என்பாளே? உண்மையைச் சொன்னால், ஒன்பது வருஷமாக என்னை ஏமாற்றி உட்கார வைத்தாயா என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தபோது பேர் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது. வாயில் ஒரு கவளத்தைத் திணித்துக்கொண்டு, நல்ல வேலைதான் என்றான். மடையன்.

புதன்கிழமை அவனாகவே ஒரு கை பார்ப்பது என்று இறங்கினான். முதலில் எண்ணிக்கை. எத்தனை நொடியில் அவள் 'நகத்துங்க' சொல்வாள் என்று நினைவுபடுத்தி, முப்பது எண்ணி நகர்த்தினான். ஆனால் அன்று கேஸ் உருளை கடைசியில் இருந்தது, தீ சோகை பிடித்து எரிந்தது, குழாய் மஞ்சளோடு நின்றுவிட்டது. புது உருளை மாட்டி அதே முப்பது எண்ணினான். சாம்பல். அடுத்து, தொடாமலே சூடு காட்டும் துப்பாக்கி ஒன்றைக் கடன் வாங்கி வந்தான். பளபளப்பான உலோகத்தின் மேல் பிடித்தால் அது பக்கத்துச் சுவரின் சூட்டையோ என்னத்தையோ காட்டியது. ஒவ்வொரு முறை கெட்டபோதும் உப்புத்தாளை நனைத்து நிறத்தைத் தேய்த்தெடுத்து, மறுபடி கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றி, அசிட்டோன் போட்டுத் துடைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முனைக்கு இரண்டு மணி நேரம். விரல் பட்டால் அந்த ரேகையும் சேர்ந்து சுடும் என்பதால் கையுறையோடு. சாயங்காலம் ஆனபோது அவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது, சிலிண்டர் மட்டும் வாளி மேல் நோகாமல் உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை காலை பக்கத்துக் கடையிலிருந்து மச்சானைக் கூட்டி வந்தான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், காருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவர். கண்ணில் தூசி விழுந்ததாகவும், நிறத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொன்னால் போதும் என்றும் ஒரு கதை விட்டான். மச்சான் வாளியிலிருந்த சிலிண்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். மச்சானிடம் ஒரு குணம், எதைப் பார்த்தாலும் நன்றாக இருக்கும் அவருக்கு. மஞ்சள் வந்ததும் அடடா என்றார். பொன் வந்ததும் இதுவே போதுமே என்றார். ஊதாவா நீலமா என்று குழாய்க்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"ஊதா மாதிரி இருக்கு மாப்ள. இல்ல, இருங்க, நீலம். ரெண்டும் சேந்து ஓடுது பாருங்க, என்ன அழகு. ஐயோ, போச்சு."

மறுபடி உப்புத்தாள்.

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. இதற்கெல்லாம் எதற்கு மாப்பிள்ளை தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டு, நான் அடித்துத் தருகிறேன் என்றார். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பெயின்ட் இருக்கிறது, மஞ்சள், ஊதா, நீலம் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்று பனி மாதிரி அடித்தால் அசல் தோற்றுப்போகும், சக்கரப் போல்ட்டுக்கும் என்ஜின் மூடிக்கும் வாரா வாரம் அடிக்கிறேன் என்றார். அது சூடேறாத இடம், இது புகை வருகிற இடம் என்று குழாய்க்காரன் முனகினான். கண்காட்சியில் நிற்கிற கார் எங்கே ஓடப்போகிறது என்று மச்சான் கேட்டார். அந்தக் கேள்விக்குக் குழாய்க்காரனிடம் பதில் இருந்தது. இருந்தும் குழாய்களைத் தூக்கிக் கொடுத்தான்.

மத்தியானத்துக்குள் நாலும் காய்ந்து வந்தன. மச்சான் கையில் தொழில் சுத்தம், குறை சொல்ல முடியாது. சாயங்காலம் டாக்டர் வந்தார், பார்த்தார், சொக்கிப்போனார். குழாய்க்காரன் மாட்டிக்கொடுத்தான். டாக்டரை ஓட்டாமல் கட்டிப்போட முடியுமா? சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டார். குழாய்க்காரன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தைந்து நிமிஷம் கழித்து கார் வந்தது. அதற்கு முன்னால் வாசனை வந்தது.

டாக்டர் இறங்கிப் பின்னால் வந்து குனிந்தார். நாலு முனையிலும் அப்பளம் மாதிரி கொப்புளம். ஒன்றை நகத்தால் தொட்டார், ஊதாவோ நீலமோ ஒரு தோல் சுருண்டு கையோடு வந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். நிதானமான மனிதர், தினமும் பிறர் வாய்க்குள் பார்த்துப் பழகியவர்.

"இது பெயின்ட்."

ஆமாம் என்றான் குழாய்க்காரன். அதைத் தவிர என்ன சொல்ல? இத்தனை வருஷம் பெயின்ட்தான் அடித்துக்கொண்டிருந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அங்கேதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னைத் திருடன் என்றிருந்தால் பொறுத்திருப்பான். அந்த ஒன்பது வருஷக் குழாய்களை ஒரு வார்த்தை சொன்னது பொறுக்கவில்லை.

"இல்ல சார். அதெல்லாம் அசல். கலர் பாக்குற ஆள் இந்த வாரம் வரல. அதான் இப்படி."

"யாரு அது?"

"என் வீட்டுக்காரி."

"பாதுகாப்புக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்" என்றான். அசடு வழிந்த முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. டாக்டர் பெயின்ட் தோலைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வரை நேரம் தருவதாகவும், அதற்குள் அந்த ஆள் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பழைய குழாயோடு போய் நிற்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வேலைக்குத் தாள் கொடுக்கக் கிளம்பி மேசையருகே நின்றிருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி. பேனா எழுதவில்லை என்று உதறிக்கொண்டிருந்தாள். குழாய்க்காரன் எதிரே வந்து உட்கார்ந்தான். ராத்திரி பூராவும் படுக்கையில் ஒத்திகை பார்த்த பெரிய பேச்சு ஒன்று இருந்தது. அதில் முதல் வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"எனக்கு ஊதா தெரியாது" என்றான். "ஊதாவும் நீலமும் எனக்கு ஒண்ணுதான். சின்ன வயசுலேருந்தே."

அவள் பேனாவைத் தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். மை வந்தது.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கல்யாணமாகி ரெண்டாவது மாசம். ஊதா சட்டை ஒண்ணு போட்டுட்டு வந்தேன். என் அண்ணன் முன்னாடி, இந்த நீலம் உனக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்க. அவன் சிரிக்க வாயத் தொறந்தான், நான் அவன் கால மிதிச்சேன்."

குழாய்க்காரனுக்கு அந்தச் சட்டை ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் அவள் அதைப் போட்டுப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அது எங்கே என்று கேட்டான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நீங்கள் நாலு பேர் நடுவில் மறுபடி ஏதாவது சொல்லி, அவர்கள் சிரித்து, அது எதற்கு வம்பு என்று அதோடு ஊதாவே வாங்குவதில்லை என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கடையில் சீரகம் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரிச் சொன்னாள்.

"உனக்கு அந்தக் கலர் பிடிக்குமா?"

"எனக்கு அதுதான் பிடிக்கும்."

ஒன்பது வருஷமாகத் தான் அவளை ஏமாற்றி வாளி மேல் உட்கார வைத்திருப்பதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தான். அவளோ அலமாரியிலிருந்து ஒரு நிறத்தையே எடுத்து வெளியே போட்டுவிட்டு, அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். தெரிந்திருந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றான்.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லாட்டியும் பரவால்ல. சும்மா உக்காந்திருக்கான்னு சொல்லாம இருந்திருக்கலாம்."

மன்னித்துக்கொள் என்று அவன் சொன்னான். அந்த வார்த்தை அந்த வீட்டில் அதிகம் புழங்கியதில்லை, அதனால் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், நிறம் உன்னுடையது என்று, இனி வருகிறவர்களிடமும் சொல்வேன் என்றான். அவள் குனிந்து தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன்" என்றாள். "அங்க நான் என்ன வேலை பாக்குறேன்னு எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை எனக்கு லீவு. சுடுறத சனிக்கிழமைக்கு வச்சுக்குங்க."

போகாதே என்று சொல்ல அவனுக்கு எந்த யோக்கியதையும் இல்லை, அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. சரி என்றான்.

சனிக்கிழமை காலை அவள் வந்து சிலிண்டரைச் சுவரில் மாட்டிவிட்டு வாளியில் உட்கார்ந்தாள். பெயின்ட் உரித்துப் பாலிஷ் போட்ட நாலு முனைகளும் வரிசையாகக் காத்திருந்தன. டார்ச் பற்றியது. 'ம்' என்றாள், 'நகத்துங்க' என்றாள், 'போதும்' என்றாள். நாலு குழாய்க்கும் ஒன்றரை மணி நேரம்தான் ஆயிற்று. டாக்டர் மத்தியானம் வந்தவர் நேராக அவளிடம் போய், வணக்கம் சொல்லி, ஆறுவதற்கு இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அரை மணி என்றாள். வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

குழாய்கள் ஆறிக்கொண்டிருந்தன. குழாய்க்காரன் அவற்றின் முன்னால் குனிந்து நின்றான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"இதுல ஊதா எங்க இருக்கு?"

அவள் எழுந்து வந்தாள். குழாய் ஆறிவிட்டதா என்று புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தாள். அவன் கையுறையைக் கழற்றி, ஆள்காட்டி விரலைப் பிடித்து, பொன் முடிகிற இடத்தில் வைத்தாள். மெல்ல இழுத்து நிறுத்தினாள்.

"இங்கேருந்து. இது வரைக்கும்."

விரல் அகலம்கூட இல்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தும் அந்தப் பக்கம் சாய்த்தும் பார்த்தான். அவள் அவன் விரலை விடாமல் பிடித்திருந்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான்.